ஜெர்மனியில் படிக்கும்போதே ஜெர்மன் பேசப் பழகுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்மனியில் உயர்கல்வி பயிலும் வெளிநாட்டு மாணவர்களில் 2022-23 குளிர்கால அரையாண்டிலிருந்து இந்தியர்களே எண்ணிக்கையில் முதலிடத்தில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து செல்பவர்களில் கணிசமானோர் பொறியியல், கணினி அறிவியல் போன்ற துறைகளில் ஆங்கில வழியில் நடக்கும் முதுகலைப் படிப்புகளில் சேர்கிறார்கள். இவர்களுக்கு ஊரில் தவறாமல் சொல்லி அனுப்பப்படும் ஓர் ஆறுதல் உண்டு: "மொழியைப் பத்திக் கவலைப்படாதே, அங்கே போய் ஆறு மாசம் இருந்தா தானா வந்துடும்." அப்படி வருவதில்லை. வகுப்பில் ஆங்கிலம், அறையில் தமிழ், கைப்பேசியில் மறுபடியும் தமிழ், கடையில் பேசாமல் அட்டையைத் தட்டிவிட்டு வெளியேறும் வசதி என்று இரண்டு ஆண்டுகளை முடித்து, பட்டமும் வாங்கிக்கொண்டு, வேலை தேடும் நேரத்தில் ஒரு நேர்காணலில் நான்கு வாக்கியம் தொடர்ந்து பேச முடியாமல் நிற்பவர்கள் ஒவ்வொரு நகரத்திலும் இருக்கிறார்கள்.

இது சோம்பல் சார்ந்த விஷயமும் அல்ல. பார்பரா ஃப்ரீட், நார்மன் செகலோவிட்ஸ், டான் டூயி ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பிரெஞ்சு பயின்ற அமெரிக்க மாணவர்களை மூன்று குழுக்களாக ஒப்பிட்டது: உள்நாட்டில் வழக்கமான வகுப்புக்குப் போனவர்கள், பிரான்சுக்கே சென்று படித்தவர்கள், உள்நாட்டிலேயே பிரெஞ்சு மட்டும் பேசும் தீவிர கோடைப் பயிற்சியில் இருந்தவர்கள். பேச்சுச் சரளத்தில் அதிகம் முன்னேறியது கோடைப் பயிற்சிக் குழு. காரணம், வகுப்புக்கு வெளியேயும் அவர்கள்தான் அதிகமாகப் பிரெஞ்சைப் பயன்படுத்தினார்கள். பிரான்சில் இருந்தவர்களோ வகுப்புக்கு வெளியே பிரெஞ்சைவிட ஆங்கிலத்தையே அதிகம் பயன்படுத்தினார்கள். ஆக, மொழியில் மூழ்குவது என்பது விசாவோடு சேர்ந்து கிடைப்பதல்ல. வாரத்தில் எந்தெந்த மணி நேரம், யாரிடம், எதற்காக ஜெர்மன் பேசியே தீரவேண்டும் என்பதை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். அதை எப்படி அமைப்பது என்பதைப் புறப்படும் முன்பிருந்து தேர்வு எழுதுவது வரை வரிசையாகப் பார்க்கலாம்.

முதல் படி: விமானம் ஏறும் முன் ஒரு தளம்

எதுவுமே புரியாத பேச்சு காதில் விழுந்துகொண்டிருந்தால் அது வெறும் இரைச்சல். அதிலிருந்து யாரும் மொழி கற்பதில்லை. மிகப் பெரும்பாலான சொற்கள் புரிந்தால்தான் மீதியை ஊகிக்க முடியும். மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கும் ஐரோப்பிய அளவுகோலில் குறைந்தது ஏ2 நிலையை முடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. பி1 என்றால் முதல் அரையாண்டே பயனுள்ளதாகிவிடும். சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள கோத்தே நிறுவனத்தில் வகுப்புகளும் தேர்வுகளும் நடக்கின்றன. நேரில் செல்ல முடியாதவர்களுக்கு டாய்ச்ச வெல்லே ஒலிபரப்பு நிறுவனம் ஏ1 முதல் பி1 வரை இலவசமாக வழங்கும் காணொளிப் பாடத்திட்டம் போதுமான தொடக்கம்.

புத்தகத்தில் எந்தப் பாடத்தை முடித்தோம் என்பதைவிடக் காது எவ்வளவு பழகியிருக்கிறது என்பது முக்கியம். குறிப்பாக எண்கள். 47 என்பதை ஜெர்மானியர்கள் "ஏழும் நாற்பதும்" என்ற வரிசையில் சொல்வார்கள். இரண்டரை மணியை "ஹால்ப் ட்ரை" என்பார்கள். அதாவது மூன்றை நோக்கிப் பாதி. இதைத் தாளில் படித்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். மருத்துவமனை வரவேற்பாளர் தொலைபேசியில் வேகமாகச் சொல்லும்போது புரிவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். விலை, நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றைக் கேட்டு எழுதும் பயிற்சியைக் கிளம்பும் நாள் வரை தினமும் செய்யுங்கள்.

தமிழ் தெரிந்தவருக்கு இங்கே இரண்டு சாதகங்கள் உண்டு, ஆனால் பயிற்சி நிலையங்களில் யாரும் அவற்றை எடுத்துச் சொல்வதில்லை. ஒன்று, குறில் நெடில். "ஷ்டட்" என்றால் நகரம், "ஷ்டாட்" என்றால் அரசு. "பிட்டன்" என்றால் வேண்டிக் கேட்பது, "பீட்டன்" என்றால் வழங்குவது. பல்லுக்கும் பாலுக்கும் வேறுபாடு கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதல்ல. இன்னொன்று, வினை கடைசியில் வருவது. ஜெர்மனின் சார்பு வாக்கியங்களில் வினை இறுதிக்குப் போய்விடும்; ஆங்கிலத்தில் யோசித்து மொழிபெயர்ப்பவர்கள் அதை நடுவிலேயே விட்டுவிடுகிறார்கள். "எனக்கு இன்று நேரம் இல்லாததால்" என்று தமிழில் யோசித்தால் கிட்டத்தட்ட அதே வரிசை கிடைக்கும். ஆங்கிலம் வழியாகவே ஜெர்மனைக் கற்க வேண்டும் என்ற பழக்கத்தை இந்த ஓர் இடத்திலாவது விட்டுவிடலாம்.

சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. நம் எழுத்தில் ககரத்துக்கும் பகரத்துக்கும் ஒலிப்பு வேறுபாட்டைக் காட்டத் தனிக்குறி இல்லை. தோட்டத்துக்கும் அட்டைகளுக்கும் ஜெர்மனில் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே "கார்ட்டன்" ஆகிவிடும். ரொட்டி சுடுவதும் பெட்டி கட்டுவதும் இரண்டுமே "பக்கன்". ஆகவே உங்கள் குறிப்பேட்டில் ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பழகாதீர்கள். (இந்தக் கட்டுரை அதைத்தான் செய்கிறது, படிப்பதற்கு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.) தமிழில் இல்லாத இரண்டு உயிரொலிகளுக்கு எளிய வழி உண்டு: இதழை "உ" சொல்வதுபோல் குவித்துக்கொண்டு "இ" சொன்னால் ஒன்று கிடைக்கும், "ஓ" சொல்வதுபோல் குவித்துக்கொண்டு "எ" சொன்னால் மற்றது கிடைக்கும். கண்ணாடி முன் நின்று செய்ய வேண்டிய பயிற்சி இது.

இரண்டாம் படி: எங்கே, யாருடன் தங்குவது

மொழி விஷயத்தில் நீங்கள் எடுக்கும் மிகப் பெரிய முடிவு வகுப்பைப் பற்றியதல்ல, வீட்டைப் பற்றியது. மூன்று வாய்ப்புகள் உண்டு. மாணவர் நலக் கழகமான ஸ்டூடியெரென்டென்வெர்க் நடத்தும் விடுதிகளில் வாடகை குறைவு. பல விடுதிகளில் ஒரு தளத்துக்கே பொதுச் சமையலறை இருக்கும், ஆனால் அந்தத் தளத்தில் யார் இருப்பார்கள் என்பது நம் கையில் இல்லை. இரண்டாவது, நம்மவர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து வீடு எடுப்பது. மூன்றாவது, "வே-கே" எனப்படும் பகிர்வு வீட்டில் ஜெர்மானியர்களோடு ஓர் அறை எடுப்பது.

மூன்றாவதே மொழிக்கு உகந்தது, கிடைப்பதற்கும் அதுவே கடினம். அறை காலியான வீட்டார் விண்ணப்பித்தவர்களில் சிலரை அழைத்து, சமையலறையில் உட்காரவைத்துப் பேசிப் பார்த்துத் தேர்வு செய்வார்கள். ஒரே ஆங்கில மடலை ஐம்பது பேருக்கு அனுப்புவதில் பயனில்லை. அந்த விளம்பரத்தை முழுவதும் படித்து, அதில் உள்ள ஏதேனும் ஒரு செய்திக்கு, அது அவர்கள் வளர்க்கும் பூனையாகவும் இருக்கலாம், ஞாயிறு காலை உணவாகவும் இருக்கலாம், பதில் சொல்லும் நாலைந்து எளிய ஜெர்மன் வாக்கியங்களை எழுதுங்கள். இறுதியில், வீட்டில் ஜெர்மனிலேயே பேச விரும்புகிறேன் என்பதையும் சேருங்கள். அறை கிடைக்காவிட்டாலும் அந்தச் சமையலறை உரையாடல் ஒவ்வொன்றும் உங்களைப் பற்றி நீங்களே ஜெர்மனில் பேசும் இலவசப் பயிற்சி.

கிடைத்துவிட்டால், மொழி கற்கும் இடம் உங்கள் அறையல்ல, அடுக்களை. யார் எந்த வாரம் குளியலறையைக் கழுவ வேண்டும் என்ற பட்டியல், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் கத்தியை எப்படி வைப்பது என்ற தர்க்கம், நீங்கள் கடுகு தாளித்தபோது அலறிய புகை எச்சரிப்புக் கருவி பற்றிய விசாரணை என்று எல்லாமே ஜெர்மனில் நடக்கும். அறைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பிடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

நம்மவர்களோடு தங்குவதை நான் குறைசொல்லவில்லை. முன்பணம் கட்டக் கடன் தருபவரும், காய்ச்சலில் ரசம் வைத்துத் தருபவரும் அவர்களே. மியூனிக் போன்ற நகரங்களில் வாடகை வேறு வழியை விடுவதும் இல்லை. அப்படித் தங்குபவர்கள் அடுத்து வரும் படிகளில் கூடுதல் நேரத்தை ஒதுக்கியாக வேண்டும், அவ்வளவுதான். நகரத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: பெர்லினின் மையப் பகுதிகளில் ஆங்கிலம் மட்டுமே பேசும் பணியாளர்கள் உள்ள காபிக் கடைகள்கூட உண்டு, நடுத்தர ஊர்களில் அந்தச் சொகுசு கிடையாது.

மூன்றாம் படி: முதல் மாதத்து அலுவலகங்கள்

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு, பிறகு வங்கி, மருத்துவக் காப்பீடு, வெளிநாட்டவர் அலுவலகம் என்று முதல் மாதம் முழுக்கப் படிவங்களாகவே இருக்கும். இங்கே வீரம் வேண்டாம். வதிவிட அனுமதி, வாடகை ஒப்பந்தம், மருத்துவம் ஆகியவற்றில் தவறாகப் புரிந்துகொண்டால் விளைவு பெரிது. மொழி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். வணக்கம் சொல்வது, வந்த காரணத்தைச் சொல்வது, நன்றி சொல்வது ஆகிய மூன்றை மட்டும் நீங்கள் ஜெர்மனில் செய்யுங்கள்.

ஆனால் அதன்பின் வீட்டுக்கு வரும் கடிதங்களை வீணாக்காதீர்கள். ஜெர்மனி இன்னும் தாளில் நம்பிக்கை வைத்திருக்கும் நாடு. காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம், ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கேட்கும் ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் என்று அஞ்சல் பெட்டி நிறைந்துகொண்டே இருக்கும். கைப்பேசி மொழிபெயர்ப்பில் காட்டுவதற்கு முன், பென்சிலுடன் அமர்ந்து மூன்றை மட்டும் தேடுங்கள்: எந்தத் தேதிக்குள், எவ்வளவு தொகை, நான் என்ன செய்ய வேண்டும். அதன்பின் மொழிபெயர்ப்பைப் பார்த்துச் சரிபாருங்கள். அலுவலக நடையில் ஒரே சில சொற்கள்தாம் திரும்பத் திரும்ப வரும் என்பதால், பத்துக் கடிதங்களுக்குப் பின் உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

நான்காம் படி: எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறும்போது

முயற்சியைக் கைவிட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் சொல்லும் காரணம் இதுதான்: "நான் ஜெர்மன்ல ஆரம்பிச்சா, அவங்க இங்கிலீஷ்ல பதில் சொல்றாங்க." இது எப்படி நடக்கிறது என்பதை நெருங்கிப் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை காலை, ஒரு ரொட்டிக் கடை. உங்களுக்கு முன் ஆறு பேர், பின்னால் நான்கு பேர். நீங்கள் வீட்டிலிருந்தே ஒத்திகை பார்த்து வந்த வாக்கியத்தை, "இரண்டு ப்ரோட்ஷென் (சிறு ரொட்டி), அந்த ரை தானிய ரொட்டியில் ஒன்று, தயவுசெய்து," என்று பிழையில்லாமல் சொல்லிவிடுகிறீர்கள். கடைக்காரப் பெண் ரொட்டியை எடுத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், ஒரே சொல்லில் "கெஷ்னிட்டன்?" என்கிறார். நீங்கள் விழிக்கிறீர்கள். ஒரு விநாடி, இரண்டு விநாடி. அவர் ஆங்கிலத்தில் கேட்கிறார். ரொட்டியைத் துண்டு போட்டுத் தரவா என்பதுதான் கேள்வி. நீங்கள் தலையாட்டுகிறீர்கள், மீதி உரையாடல் ஆங்கிலத்தில் முடிந்துவிடுகிறது.

அவர் உங்கள் உச்சரிப்பைக் கேட்டு மாறவில்லை. இரண்டாவது கேள்வியில் வந்த மௌனத்தால் மாறினார். வரிசை நகர வேண்டும், உங்களைச் சங்கடப்படுத்தவும் கூடாது என்பதே அவர் எண்ணம். எனவே முதல் வாக்கியத்தைத் தயாரிப்பதைவிட, அதற்குப் பின் வரும் கேள்விகளைத் தயாரிப்பதே வேலை. எந்தக் கடைக்கும் இவை வரையறுக்கப்பட்டவை. ரொட்டிக் கடையில்: துண்டு போடவா, வேறு ஏதாவது வேண்டுமா, இங்கேயே சாப்பிடவா எடுத்துச் செல்லவா. பேரங்காடியில்: புள்ளி அட்டை உள்ளதா, ரசீது வேண்டுமா. மருந்துக் கடையில்: மருத்துவர் சீட்டு உள்ளதா, வேறு மருந்து எதுவும் எடுத்துக்கொள்கிறீர்களா. வரிசையில் நிற்கும்போது முன்னால் இருப்பவர்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று காதைத் தீட்டிக் கேளுங்கள். உங்கள் முறை வருவதற்குள் வினாத்தாள் வெளியாகிவிடும். கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை பிற்பகலில் போவதும் ஒரு வழி. அப்போது யாருக்கும் அவசரம் இருக்காது.

புரியாதபோது மௌனமாக இருக்காமல் உடனே சொல்ல வேண்டிய வாக்கியங்கள் இரண்டு. ஒன்று, மன்னிக்கவும், இன்னொரு முறை சொல்லுங்கள் என்பது. மற்றது, "கெனன் வியர் பிட்டே டொய்ச் ஷ்ப்ரெஹன்? இஷ் லேர்ன கெராட." ஜெர்மனிலேயே பேசலாமா, கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். இதைப் புன்னகையோடு சொன்னால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு மாறிவிடுவார்கள், வேகத்தையும் குறைப்பார்கள். எதிரில் இருப்பவர் ஆங்கிலத்திலேயே தொடர்ந்தாலும் நீங்கள் ஜெர்மனில் பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம். அவ்வாறு இரு மொழிகளில் ஓர் உரையாடலை முடிப்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

விளிப்பதில் ஒரு குறிப்பு. "டூ", "ஸீ" என்ற இரண்டையும் நீ, நீங்கள் என்று எண்ணிக்கொண்டால் பாதி சரி. நமக்கு வயது முதலில் நிற்கும். அங்கே உறவின் நெருக்கமே தீர்மானிக்கிறது. நாற்பது வயதுச் சக மாணவருக்கு "டூ", உங்களைவிட இளைய அலுவலகப் பணியாளருக்கு "ஸீ". ஐயம் வந்தால் "ஸீ" என்று தொடங்குங்கள்.

ஐந்தாம் படி: வாரந்தோறும் அதே முகங்கள்

கடையில் பேசுவது நான்கு வாக்கியத்தோடு முடிந்துவிடும். மொழி வளர்வதற்கு, உங்களைப் பெயரால் அறிந்த, போன வாரம் நீங்கள் சொன்னதை நினைவில் வைத்திருக்கும் ஆட்கள் தேவை. ஜெர்மனியில் அதற்கென்றே அமைந்ததுபோல் "ஃபெரைன்" என்ற சங்க அமைப்பு இருக்கிறது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுபெற்ற சங்கங்கள் நாடெங்கும் உள்ளன: மேசைப்பந்து, மலையேற்றம், பாடகர் குழு, சதுரங்கம், தோட்டம், தன்னார்வத் தீயணைப்புப் படை. பல்கலைக்கழகங்களின் சொந்த விளையாட்டு வகுப்புகளும் குறைந்த கட்டணத்தில் உண்டு; அரையாண்டுத் தொடக்கத்தில் பதிவு திறக்கும்போதே பிரபலமானவை நிரம்பிவிடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? பேச்சுக்கு இடைவெளி உள்ள செயலாகப் பாருங்கள். நீச்சலில் வாய் திறக்க முடியாது; உடற்பயிற்சிக் கூடத்தில் எல்லோர் காதிலும் செவிப்பொறி இருக்கும். மேசைப்பந்து நல்லது: ஆட்டங்களுக்கு இடையே உட்கார்ந்து பேசுவார்கள், முடிந்தபின் சேர்ந்து ஏதாவது குடிக்கப் போவார்கள். உண்மையில் மொழி அங்கேதான் நடக்கிறது. ஆகவே ஆட்டம் முடிந்ததும் பேருந்தைப் பிடிக்க ஓடாதீர்கள். கிரிக்கெட் மட்டும் இந்த நோக்கத்துக்கு உதவாது. ஜெர்மனியின் கிரிக்கெட் சங்கங்களில் பெரும்பாலும் இந்தியர், பாகிஸ்தானியர், ஆப்கானியரே ஆடுகிறார்கள். ஜெர்மன் வருவதற்குமுன் உருது வந்துவிடும்.

ஈழத்திலிருந்து 1980களில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் கணிசமாக உள்ளன. ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் அவர்கள் எழுப்பியது. அந்தக் குடும்பங்களின் இரண்டாம் தலைமுறையினர் ஜெர்மனைத் தாய்மொழிபோல் பேசுபவர்கள், தமிழும் அறிந்தவர்கள். நமக்கு எங்கே இடறும் என்பதை அவர்களைவிடத் தெளிவாக விளக்கக்கூடியவர்கள் குறைவு. திருவிழாவுக்குப் போனால் பொங்கல் சாப்பிடுவதோடு நிற்காமல், உங்கள் வயதொத்தவர்களிடம் பேச்சுக் கொடுங்கள்; ஒரு மணி நேரம் ஜெர்மனில் பேசித் திருத்துமாறு கேளுங்கள்.

ஆறாம் படி: மொழித் துணை

நீங்கள் ஒருவருக்கு ஒரு மொழி சொல்லித்தர, அவர் உங்களுக்கு ஜெர்மன் சொல்லித்தரும் ஏற்பாட்டை அங்கே "டாண்டெம்" என்பார்கள். பல்கலைக்கழக மொழி மையங்களே ஆள் சேர்த்துவிடும். பெரும்பாலோர் ஆங்கிலமே கேட்பார்கள். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனத்தில் தமிழே பயில்பவர்களும் இருக்கிறார்கள். அந்த ஊரில் படிப்பவர்களுக்கு அது தனி யோகம்.

இந்த ஏற்பாடு வழக்கமாக எங்கே உடைகிறது என்றால், இருவரில் யாருக்கு ஆங்கிலம் எளிதோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. கடிகாரம் வைத்து அரை மணி ஒரு மொழி, அரை மணி மற்றொரு மொழி என்று பிரியுங்கள். எல்லாப் பிழையையும் திருத்தச் சொல்லாதீர்கள், பேச்சே நின்றுவிடும். இந்த வாரம் வினையின் இடம் மட்டும், அடுத்த வாரம் மூன்று பாலின் சார்படைகள் (டெர், டீ, டாஸ்) மட்டும் என்று ஒன்றைக் கேளுங்கள்.

இதில் நமக்கு ஒரு முன்னோடி இருக்கிறார், எதிர்த்திசையிலிருந்து. ஜெர்மானிய மதபோதகர் பார்த்தலோமேயு சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்குத் தமிழ் தெரியாது. கற்பிக்கத் தக்க நூலும் கையில் இல்லை. பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் எழுத்துகளை எழுதிப் பழகினார். பின்னர், முன்பு எழுதிவைத்த சொற்களையும் தொடர்களையும் காலையில் திரும்பச் சொல்லிப் பார்ப்பது, அதன்பின் முதிய புலவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு ஏடுகளைப் படிப்பது என்று ஒரு நாள் ஒழுங்கை வகுத்துக்கொண்டார். 1715இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியிலேயே அச்சாகி முடிந்தது. ஊருக்குள் வாழ்ந்தது மட்டும் அவருக்குத் தமிழைத் தந்துவிடவில்லை. பிள்ளைகளும் புலவரும் நாள் ஒழுங்கும் சேர்ந்து தந்தன.

ஏழாம் படி: காதுக்குத் தீனி, தெரிந்த பொருளில்

செய்தியைக் கேட்க வேண்டும் என்பது எல்லோரும் சொல்வது. டாய்ச்ச வெல்லேயின் மெதுவாக வாசிக்கப்படும் செய்திகளும், டொய்ச்லாண்ட்ஃபுங்க் வானொலி எளிய மொழியில் வெளியிடும் வாரச் செய்திகளும் தொடக்கத்துக்கு ஏற்றவை. ஆனால் மாணவருக்கு இன்னும் நல்ல வாய்ப்பு வளாகத்துக்குள்ளேயே உண்டு: நீங்கள் ஏற்கெனவே நன்றாகப் படித்த பாடம் ஒன்றின் இளநிலை விரிவுரையில், ஜெர்மனில் நடப்பதில், பின் வரிசையில் போய் அமருங்கள். இயந்திரவியல் படித்தவருக்கு முதலாண்டு விசையியல் வகுப்பில் கரும்பலகையில் உள்ள சமன்பாடு தெரியும், அடுத்து என்ன வரும் என்பதும் தெரியும். மொழி மட்டுமே புதிது. பெரிய விரிவுரை அரங்குகளில் வருகைப் பதிவு பெரும்பாலும் இருக்காது. பணி நேர்காணலில் கேட்கப்போகும் துறைச் சொற்கள் அப்படியே காதில் ஏறும்.

வட்டார வழக்கு உங்களைப் பயமுறுத்தலாம். ப்ரோட்ஷென் என்று பாடத்தில் படித்தது பவேரியாவில் செம்மல், பெர்லினில் ஷ்ரிப்ப, தென்மேற்கில் வெக்லே. ஹாம்பர்க்கில் "மொய்ன்" என்பார்கள், மியூனிக்கில் "செர்வுஸ்". புரிந்துகொள்ளப் பழகினால் போதும். பேசுவதற்கு முயல வேண்டியதில்லை.

எட்டாம் படி: பிழை உறையாமல் பார்த்துக்கொள்வது

கனடாவில் மான்ட்ரியாலை அடுத்த செயின்ட் லாம்பர்ட் ஊரில் 1965இல் ஆங்கிலக் குழந்தைகளுக்குப் பிரெஞ்சிலேயே எல்லாப் பாடமும் நடத்தும் முறை தொடங்கியது. அவ்வகைப் பள்ளிகளில் ஆண்டுக்கணக்கில் படித்த பிள்ளைகள் கேட்பதிலும் படிப்பதிலும் மிகச் சிறந்து விளங்கியும், பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகளோடே நின்றுவிட்டதை மெரில் ஸ்வெயின் 1985இல் எடுத்துக்காட்டினார். கேட்டால் மட்டும் போதாது, சரியாகச் சொல்லியாக வேண்டிய நெருக்கடியும் வேண்டும் என்பது அவர் முடிவு.

ஜெர்மனியில் பல்லாண்டு வாழ்ந்து, சரளமாகவும் தாராளமான பிழைகளோடும் பேசுபவர்களை நீங்களும் சந்திப்பீர்கள். அவர்கள் பேசுவது எல்லோருக்கும் புரிகிறது. அதனால் யாரும் திருத்துவதில்லை. பிழை அப்படியே உறைந்துவிடுகிறது. எனவே ஒழுங்கான வகுப்பு ஒன்றை நிறுத்தாதீர்கள். பல்கலைக்கழக மொழி மையத்தின் வகுப்பு இலவசமாகவோ சொற்பக் கட்டணத்திலோ கிடைக்கும். இடமில்லையென்றால் மக்கள் கல்விக்கூடமான ஃபோக்ஸ்ஹோக்ஷூல மாலை வகுப்புகளை நடத்துகிறது. கூடவே, அன்று சொல்ல நினைத்துச் சொல்ல முடியாமற்போன ஒரே ஒரு வாக்கியத்தை இரவில் எழுதிவைத்து, மறுநாள் வீட்டுத் தோழரிடமோ மொழித் துணையிடமோ எப்படிச் சொல்வது என்று கேளுங்கள். புத்தகத்துப் பட்டியலிலிருந்து எடுக்கும் சொற்களைவிட இவை நிற்கும், ஏனெனில் இவை உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டவை.

ஒன்பதாம் படி: பகுதிநேர வேலையை மொழிக்காகவும் தேர்ந்தெடுப்பது

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர்கள் 2024 மார்ச்சு முதல் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். பலர் கிடங்கில் பொதி பிரிக்கும் வேலைக்கோ, மிதிவண்டியில் உணவு கொண்டுசெல்லும் வேலைக்கோ போகிறார்கள். ஜெர்மன் தேவையில்லை என்பதே அவற்றின் கவர்ச்சி, அதுவே அவற்றின் குறையும்கூட. பேக்கரி, பல்கலைக்கழக உணவகமான மென்ஸா, நூலக வரவேற்பு, திரையரங்கு நுழைவுச்சீட்டு முகப்பு ஆகியவற்றில் மணிக்குச் சிறிது குறைவாகக் கிடைத்தாலும், அரையாண்டு முழுக்கப் பேச்சுப் பயிற்சிக்குச் சம்பளம் வாங்குகிறீர்கள் என்று கணக்கிடுங்கள். கடன் தவணை நெருக்குகிறதென்றால் அது வேறு விஷயம். அப்போது கிடங்குக்குப் போங்கள், ஆனால் இடைவேளையில் கைப்பேசியைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள்.

பத்தாம் படி: சோர்வும் தேர்வும்

நவம்பரில் நான்கரைக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த மாதங்களில், காலை முதல் அன்னிய மொழியில் யோசித்த மூளை மாலையில் வேலைநிறுத்தம் செய்யும். வந்தது மறந்ததுபோல் தோன்றும். வாரத்தில் ஒரு மாலையைத் தமிழுக்கென்று முழுசாக ஒதுக்கிவிடுங்கள்: வீட்டோடு பேசுங்கள், நண்பர்களோடு பிரியாணி சமையுங்கள், படம் பாருங்கள், ஜெர்மனைப் பற்றி நினைக்கவே வேண்டாம். தமிழைத் துறந்தால்தான் ஜெர்மன் வரும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். கேடு விளைவிப்பது தமிழ் மாலை அல்ல. ஜெர்மனும் இல்லாமல் தமிழும் இல்லாமல், படுக்கையில் ஆங்கிலக் காணொளிகளை உருட்டிக் கழிக்கும் மாலைகள்.

தேர்வுத் தேதியை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். படிப்பு முடித்தபின் வேலை தேட 18 மாத வதிவிட அனுமதி கிடைக்கும். அந்தக் காலம் தொடங்கும்போது கையில் பி2 சான்றிதழ் இருந்தால் விண்ணப்பிக்கக்கூடிய வேலைகளின் பட்டியல் வேறாகிவிடும். குடியுரிமைக்கு பி1 போதும். கோத்தே நிறுவனத்தின் பி1, பி2 தேர்வுகளில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கு பகுதிகளையும் தனித்தனியாக எழுதலாம். ஒவ்வொன்றிலும் 100க்கு 60 எடுத்தால் தேர்ச்சி, தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம். ஆய்வேடு எழுதும் அரையாண்டில் நான்கையும் ஒன்றாகச் சுமக்காமல், சமையலறையிலும் சங்கத்திலும் ஏற்கெனவே பழகிவிட்ட பேசுதலையும் கேட்டலையும் முதலில் முடித்துவிட்டு, எழுதுதலுக்கு மட்டும் தனியாக இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். அப்பகுதியில் அலுவல் கடிதம் கேட்பார்கள், அஞ்சல் பெட்டியிலிருந்து எடுத்துப் பென்சிலால் கோடிட்டு வைத்த அந்தத் தாள்கள் அப்போது உதவும்.